சித்தப்பாவின் முகம்

அப்பா இலங்கைப் போரிலிருந்து படகில் தப்பி வந்தவர். வந்த இடத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு விருத்தாசலத்திலேயே தங்கிவிட்டார். அவர் தப்பிய கதையை நான் படக்கதையாக வரைந்துகொண்டிருந்தேன். பகலில் செராமிக் பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை. மிச்ச நேரத்தில் இது. பதுங்குகுழி, கடல், படகு எல்லாம் வந்துவிட்டது. சித்தப்பாவின் முகம்தான் வரவில்லை. போரில் செத்துப்போன அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பாவுக்கும் முகம் மறந்துவிட்டது. அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் வட்டமாக் கீறு" என்பார். வரைந்து காட்டினால், "ஆர் இது?" என்பார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து, போகிற வருகிற இளைஞர்களை முறைத்துப் பார்த்தோம். சிலருடைய காதை அப்பா எழுந்துபோய் அருகில் நின்றே பார்த்தார். பெண்ணாடம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர், "பொண்ணுக்கு மாப்ள பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை, தம்பி தேடுறன்" என்றார் அப்பா.

அப்போது ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கினார். அப்பா என் கையைப் பிடித்தார்.

"இவன்தான். கீறு."

பஸ் கிளம்புவதற்குள் வரைந்து முடித்தேன். அதைக் கதையில் சேர்க்க அப்பா விடவில்லை. ஃபிரேம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, மாலை சாத்தி, விளக்கும் ஏற்றிவிட்டார். அதோடு நின்றாரா? அந்தக் கண்டக்டரையே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு வந்துவிட்டார்.

இலைமுன் உட்கார்ந்த கண்டக்டர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"ஐயா, அது நானுங்களா?"

"இல்லை, என்ர தம்பி. நீங்கள் சாப்பிடுங்கோ."

அவர் ஒரு வாய் சாப்பிடுவதும் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அப்பா கேட்காமலே சோறு போட்டுக்கொண்டே போனார். அம்மாதான் கரண்டியைப் பிடுங்கினாள்.

மறுநாள் காலை கண்டக்டரின் தாயார் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உசுரோட இருக்குற புள்ளைக்கு மாலை போட்டு வெச்சிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுசங்கதானா?"

அப்பா மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, எங்களிடம் ஒருநாளும் சொல்லாததை அவரிடம் சொன்னார்.

"பதுங்குகுழிக்குள்ள இருந்தனாங்கள். தாகம் எனக்குத்தான். தண்ணிக்கு அவன் போனான். ஷெல் விழுந்தது. வாளிதான் கிடைச்சது."

அந்தத் தாயார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் அம்மா கொடுத்த தண்ணீரை வாங்கியவர் குடிக்கவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது எம் புள்ள மூஞ்சியாவே இருக்குது. எதாச்சும் மாத்திடும்மா. ஒரு மச்சம் வையி. அவனுக்கு மச்சம் கெடையாது."

எங்கே என்று கேட்டேன். அவரே எழுந்து படத்தின் கண்ணாடிமேல் விரல் வைத்துக் காட்டினார். படத்தைக் கழற்றி, பொம்மைக்குக் கண் எழுதும் தூரிகையால் இடது கன்னத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

அப்பா குனிந்து பார்த்தார்.

"ஓம். இந்த இடத்திலதான். எங்கட அம்மா இதைத்தான் கிள்ளிக் கொஞ்சுவா" என்றவர், வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

அவர் கையிலிருந்த மாலையை வாங்கிப் படத்துக்குப் போட்டவர் கண்டக்டரின் தாயார்தான்.

முகமில்லாமல் விட்டிருந்த பக்கங்களிலெல்லாம் இப்போது சித்தப்பா மச்சத்தோடு இருக்கிறார். வாளியோடு முதுகைக் காட்டி ஓடும் படத்துக்கு மட்டும் அப்பாவுக்கும் எனக்கும் இன்னும் சண்டை. அதிலும் மச்சம் தெரிய வேண்டுமாம்.