பூச்சிக்குப் பேர் சொல்லும் வேலை

பூச்சிமருந்துக் கடையில் மருந்து விற்பது சுலபம். வந்தவர் எந்தப் பூச்சியைச் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பதற்குள்தான் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

எங்கள் கடை ராஜபாளையத்தில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளை. விவசாயப் படிப்பு படித்த ஆள் ஒருவர் இருந்தால்தான் லைசென்ஸ் என்று ஆனபோது முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். என் பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார், அதற்கு நேர் கீழே என்னை உட்காரவைத்தார். நான் லீவு கேட்டால், “நீ போயிட்டு வாம்மா, அது இருக்கட்டும்” என்று சுவரைக் காட்டுவார்.

கல்லூரியில் ஒரு பூச்சிக்கு ஒரு பெயர்தான். இங்கே ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. நீங்களும் ஏதோ ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைப்பவரானால், “அந்த இது இருக்குல்ல, அதக் குடுங்க” என்று கேட்கிறவர்களை நன்றாகவே தெரிந்திருக்கும். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

மடக்குவதும் சுருட்டுவதும்

வேலைக்குச் சேர்ந்த புதிது. வத்திராயிருப்பிலிருந்து ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டோடு சேர்த்து நாலைந்து நெல் தாள்களை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். இலை வெளுத்துக் கோடு கோடாக இருந்தது. சுருட்டுப்புழு விழுந்துவிட்டது, மருந்து கொடு என்றார்.

எனக்குப் படித்தது வீணாகக் கூடாதே என்ற கவலை. இது சுருட்டுவதில்லை ஐயா, இலையின் இரண்டு ஓரத்தையும் இழுத்து நூலால் தைத்து நீளவாக்கில் மடக்குகிறது, உள்ளே உட்கார்ந்து பச்சையைச் சுரண்டுகிறது, உண்மையாகச் சுருட்டுவது பருத்தியில் வருகிற புழுதான், ஆகவே இதற்கு மடக்குப்புழு என்பதே பொருத்தம் என்று விளக்கினேன். ஒரு காகிதத்தை எடுத்து மடக்கியும் காட்டினேன், சுருட்டியும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னால் நின்ற கூட்டமும் கேட்டது. முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

“மடக்குனா என்ன, சுருட்டுனா என்ன தாயி, போனது என் பயிருதான?” என்றார்.

ஆனைக்கொம்பன்

ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்கு மருந்துக் கம்பெனி ஒன்று புதுப் பிரதிநிதியை அனுப்பியிருந்தது. நகரத்துப் பையன், வணிகம் படித்தவன். நான் அங்கே போயிருந்த நாளில், சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, மலையடிவாரத்து விவசாயி ஒருவர் போன் செய்தார். எடுத்தது அவன். வயலில் ஆனைக்கொம்பன் இறங்கிவிட்டது, உடனே ஏதாவது செய்யுங்கள் என்றாராம். எத்தனை என்று கேட்டிருக்கிறான். எண்ண முடியாது என்று பதில். எப்போது வரும்? ராத்திரிதான். இத்தனை நாள் என்ன செய்தீர்கள்? முதலில் நாலு இடத்தில்தான் தெரிந்தது, இப்போது வயல் பூராவும். ஒவ்வொரு பதிலும் அவன் நினைத்ததற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மலையடிவாரம் என்பதால் சந்தேகப்படவும் வழியில்லை. வனக்காவலர்களுக்குத் தகவல் சொல்லி, தானும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நல்ல மனசுக்காரன், அதைக் குறை சொல்லக்கூடாது.

ஆனைக்கொம்பன் என்பது கொசு அளவில் ஒரு ஈ. அதன் புழு நெல்லின் குருத்துக்குள் புகுந்தால், கதிர் வரவேண்டிய இடத்தில் வெளுப்பாய் ஒரு குழல் நீளும். பார்க்கத் தந்தம் மாதிரி இருக்கும். எந்தக் காலத்திலோ யாரோ பார்த்து வைத்த பேர். நான் சாப்பிட்டு வந்து விஷயம் தெரிந்து ஆட்டோ பிடித்துப் போனபோது, காவலர்கள் இரண்டு பேரும் வரப்பில் வெடிக்கட்டுடன் நின்றார்கள். பையன் கொஞ்சம் தள்ளி, ஓடுவதற்குத் தோதாக நின்றான். விவசாயி ஒரு தண்டைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தார்.

“வெடிச் சத்தத்துக்கு ஓடுற கொசுவா இருந்தா நான் எதுக்குத் தம்பி கடைக்குப் போன் போடுதேன்?” என்று கேட்டார்.

அசுவினி

பருத்திச் செடியின் குருத்தில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற குட்டிப் பூச்சிக்கு அசுவினி என்று பேர். நட்சத்திரத்தின் பேரும் அதுதான், ஊரில் பாதிப் பெண்பிள்ளைகளின் பேரும் அதுதான். பூச்சிக்கு இந்தப் பேரை வைத்தவர் எவரோ, யார் மேலோ கோபத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஒரு தடவை கம்பெனிக்காரர்கள் கடைக்கு எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டுப் போனார்கள்: ‘அசுவினியை அடியோடு ஒழிப்போம்.’ அந்தத் தெருக்கோடியில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். அவர் மகள் பேர் அசுவினி, போலீஸில் வேலை. அவளைப் பெண் பார்க்க மறுநாள் ஆட்கள் வருகிறார்கள், அந்தச் சுவரைத் தாண்டித்தான் வரவேண்டும். சுபேதார் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. விறைப்பாக நின்று, சுண்ணாம்பு அடித்துத் தாருங்கள் என்று மட்டும் கேட்டார். ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது, போலீஸ்காரப் பெண் வீட்டுக்கு அடங்குமா என்று காரணம் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் விதைப் பாக்கெட்டைப் பார்த்தார். முதலாளி சுண்ணாம்பு வாங்க ஆள் அனுப்பினார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு பாதிச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டது. அடித்த சுண்ணாம்பில் ‘அடியோடு ஒழிப்போம்’ மட்டும் மறைந்தது, ‘அசுவினியை’ பளிச்சென்று நின்றது.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வேன் கடை முன்னால்தான் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, சுவரைப் பார்த்தார். பிறகு எங்கள் கடைக்குள் வந்து சோடா கேட்டார், இது அந்தக் கடை இல்லை என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். சுபேதார் ஓடி வந்து, அது பூச்சிமருந்து விளம்பரம், தப்பாக நினைக்கக்கூடாது என்று தடுமாறினார்.

அந்த அம்மா தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “நாங்களும் பருத்தி போடுறவுகதான். அசுவினி வந்தா லேசுல போகாதுன்னு தெரிஞ்சுதான் கேட்டு வந்திருக்கோம்.”

ஊர்ப்பேர்

மதுரையில் உரம், பூச்சிமருந்து வியாபாரிகள் கூட்டம். வாசலில் ஆளுக்கொரு அட்டையில் ஊர்ப்பேரை எழுதி நெஞ்சில் குத்திவிட்டார்கள். எங்கள் முதலாளி நெஞ்சில் ‘ராஜபாளையம்’. பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று, நல்ல வெள்ளைக் குட்டி கிடைக்குமா, வேட்டைக்குப் போகுமா, காது கேட்காது என்கிறார்களே உண்மையா என்று அவரிடம் விசாரித்தார்கள். உரத்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. கூட வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை மேனேஜரிடம் பால்கோவாவைப் பற்றிக் கேட்டார்கள், அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

திரும்பி வரும்போது முதலாளி பஸ்ஸில் அட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “அவனப் பாத்தா இனிப்பு ஞாபகம் வருது, என்னயப் பாத்தா நாய் ஞாபகம் வருது. இதுக்கு எதுக்கும்மா கோட்டு போட்டுட்டுப் போனேன்?”

லத்தீன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் பயிற்சி. பேச வந்தவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். இலைகளைச் சுருட்டும் அந்துப்பூச்சிகளைப் பற்றிப் பேசுவார் என்று நோட்டீஸில் இருந்தது. அவர் பூச்சிக்குப் போகவே இல்லை, பேரிலேயே நின்றுவிட்டார். நீங்கள் எல்லாம் இதை வாய்க்கு வந்தபடி கூப்பிடுகிறீர்கள், உலகம் முழுவதும் புரியவேண்டுமானால் லத்தீன் பேர்தான் சரி என்றார். திரையில் ‘டார்ட்ரிக்ஸ்’ என்ற சொல்லைப் பெரிதாகக் காட்டி எல்லோரையும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னோம். காபி வருகிற வாசனை அடித்ததால் இன்னொரு தடவையும் சொன்னோம்.

அதற்கு அர்த்தம் என்ன என்று யாரோ கேட்டார்கள். பேராசிரியருக்கு மகிழ்ச்சி. முறுக்குகிறவள், சுருட்டுகிறவள் என்று அர்த்தம், லத்தீனில் அது பெண்பால் சொல் என்றார். ஆக, அங்கேயும் சுருட்டிதானா என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. பின்வரிசையிலிருந்து தோட்டம் வைத்திருக்கும் அம்மா ஒருவர் எழுந்தார். இறக்கை முளைத்த தாய்ப்பூச்சிதான் இலையைச் சுருட்டுகிறதா என்று கேட்டார். இல்லையம்மா, தாய் முட்டை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடும், இலையைச் சுருட்டுவதும் தின்பதும் புழுதான் என்று அவர் விளக்கினார்.

அந்த அம்மா கேட்டார்: “சுருட்டித் திங்கிறது புள்ள, பேரு மட்டும் ஆத்தாளுக்கா? அந்த ஊர்லயும் அப்படித்தானா?”

வெள்ளைக் கூடு

தளவாய்புரம் பக்கத்திலிருந்து முத்துலட்சுமி என்று ஒரு பெண் வந்தாள். கணவன் ராணுவத்தில், வடக்கே எங்கோ பனியில். மாமியார் வீட்டில் வேண்டாம் என்று சொன்னதையும் கேட்காமல் அந்த வருடம் தனியாகப் பருத்தி போட்டிருந்தாள். அவன் லீவில் வரப்போகிற சமயத்தில் இலையெல்லாம் சுருண்டுவிட்டது. பை நிறையச் சுருண்ட இலைகளைக் கொண்டுவந்து கொட்டினாள். அழவில்லை, ஆனால் பையை மடிக்கக் கை வரவில்லை.

ஒவ்வொரு சுருளாகப் பிரித்துப் பார்த்தேன். முக்கால்வாசியில் புழு வற்றிச் செத்துக் கிடந்தது. பக்கத்தில் அரிசி மாதிரி சின்னச் சின்ன வெள்ளைக் கூடுகள். அவள் அதைப் பூச்சி முட்டை என்று நினைத்துப் பயந்திருந்தாள். அது ஒரு குட்டிக் குளவியின் கூடு, அந்தக் குளவி புழுவுக்குள் முட்டை வைக்கும், குஞ்சுகள் புழுவைத் தின்று வளரும், இப்போது மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான் என்றேன். உயிருள்ள புழு இருக்கிற சுருளை மட்டும் கிள்ளி நசுக்கு, மற்றதைத் தொடாதே என்றேன். அந்தக் குளவிக்கு என்ன பேர் என்று கேட்டாள். ஒட்டுண்ணி என்றேன். அவள் நம்பவில்லை. அவள் கொழுந்தனை வீட்டில் அப்படித்தான் திட்டுவார்களாம், நல்லது செய்கிற ஜீவனுக்கு யாராவது அந்தப் பேரை வைப்பார்களா என்றாள்.

வெறுங்கையோடு அவள் பஸ் ஏறியதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். புது மருந்து பெட்டி பெட்டியாகப் பிரிக்காமல் கிடந்தது. மருந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதற்கு எதற்குக் கடை, நாளைக்கு அந்தப் பருத்தி போய்விட்டால் அவள் யாரைச் சொல்லுவாள் என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குப் பயம். படித்தது சரியாகவே இருந்தாலும், அடுத்தவர் வயலில் வைத்துப் பரீட்சை பார்க்கிறோமோ என்று இருந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள், தளவாய்புரம் பஸ்ஸிலிருந்து யார் இறங்கினாலும் கையில் வேலை ஓடாது.

ஒரு சனிக்கிழமை அவள் வந்தாள், கூடவே கட்டையாக முடி வெட்டிய ஒரு ஆள். இரண்டு பேர் நெற்றியிலும் நாமம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலும் திருவண்ணாமலை என்று ஒரு மலை உண்டு, அங்கே போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறார்களாம். துளசியை என் கையில் கொடுத்தாள். புது இலையெல்லாம் சுத்தமாக வந்துவிட்டது, காய் பிடித்திருக்கிறது, மாமியாரே வந்து பார்த்துவிட்டுப் போனார் என்றாள். முதலாளி எட்டிப்பார்த்து, அப்படி என்னதான் செய்தாய் என்று அவளிடம் கேட்டார். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“பெருமாளுக்கு வேண்டிக்கிட்டேன், அவரு பாத்துக்கிட்டாரு. இந்தக்கா குறுக்க நிக்கல, அம்புட்டுதான்” என்றாள்.

மொத்தத்தில் நான் கண்டது, தனக்கு என்ன பேர் என்று கடைசிவரை தெரியாமல் பூச்சி நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கிறது, அதன் பேரைத் தெரிந்துவைத்திருக்கிற நமக்குத்தான் சோறு இறங்குவதில்லை.