டியூபில் ஐந்து ஒட்டு

அக்கா ப்ளஸ் ஒன் சேர்ந்த வருடம், பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். அம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். மணியை மட்டும் அடித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் தொட்டால் கை இருக்காது என்று அக்கா பெரிய மனது பண்ணினாள். அன்று நான் அடித்த அடியில் மணி இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

எங்கள் ஊருக்கும் திருச்சுழிக்கும் எட்டு கிலோமீட்டர். நடுவில் மூன்று ஊர். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரம். மழை பெய்கிறதோ இல்லையோ, எங்கள் பக்கம் முள் மட்டும் பொய்த்ததே கிடையாது. விறகு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் அதை ரோடு முழுக்க உதிர்த்துவிட்டுப் போகும். செருப்பைத் தைத்துக் காலையும் தைக்கிற முள்ளுக்கு சைக்கிள் டயர் எம்மாத்திரம்?

ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்த அக்கா, வழியில் பஞ்சராகி, ஆறு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விளக்கு வைத்த பிறகு ஊருக்குள் வந்தாள். அவள் வீட்டு வாசலைத் தொடுமுன் பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அப்பாவைத் தோளில் போட்டு வளர்த்தவர். அப்பா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அவர் வந்தால் உட்கார்ந்திருக்கும் அப்பா எழுந்துகொள்வார், எதிர்த்த வீட்டு நாய்கூட எழுந்துகொள்ளும்.

"ஏலே தம்பி, பொம்பளப்பிள்ள பொழுது சாஞ்சப்பெறகு ரோட்டுல சைக்கிளத் தள்ளிக்கிட்டு வருது. ஊரு என்ன பேசும்? பத்தாவது படிச்சாச்சுல்ல, போதும்."

அப்பா சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். பிறகு, "ஒரு வாரம் பாப்போம்ணே. திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் ஒரு நா சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தாலும் நிப்பாட்டிருவோம்" என்றார். பெரியப்பா சரி என்று தலையை ஆட்டினார். அக்கா அழவில்லை. உள்ளே போய் திங்கட்கிழமைக்கான கணக்கைப் போட உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அழுகை அழுகையாக வந்தது.

அழுதாலும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. நான் மெக்கானிக். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்து ஊர்ச் சமுதாயக் கூடத்தில் சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொண்டிருந்தேன். பாளையம்பட்டியிலிருந்து ஓர் அக்கா, சாமான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். டிப்ளமா முடித்து டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவர். வயது இருபத்திரண்டுகூட இருக்காது. டீச்சர் என்று கூப்பிட்டால், "அப்படிக் கூப்பிடாதீக, எனக்கே பயமா இருக்கு" என்பார். ரோட்டோரத்து ஊர்களிலிருந்து நாங்கள் பதினைந்து பேர் போவோம். ஊருக்கு ஒரு பம்பு, ஒரு பிஸ்கட் டப்பா எங்கள் பொறுப்பில் இருந்தது. டப்பாவுக்குள் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், உப்புத்தாள், பழைய டியூபில் வெட்டிய ஒட்டுத் துண்டுகள், டயரை நெம்புகிற இரண்டு இரும்புப் பட்டை. எந்த நேரத்தில் யார் சைக்கிள் நின்றாலும் அந்த ஊர்ப் பிள்ளை டப்பாவோடு ஓட வேண்டும். அந்தச் சனிக்கிழமை அக்காதான் பொழுது சாய்ந்த பதற்றத்தில் யாரையும் கூப்பிடாமல் தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள். அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகிற டாக்டரம்மா மாதிரி இருக்கும் எனக்கு.

அங்கே ஒரு சட்டம் உண்டு. அவரவர் வீட்டு சைக்கிளை அவரவர் தொடக் கூடாது. அடுத்தவர்தான் பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "நம்ம சாமான்னா அவசரப்படுவோம்" என்று பாளையம்பட்டி அக்கா சொன்னார். அப்போது எனக்கு அது அர்த்தமில்லாத சட்டமாகப் பட்டது.

மறுநாள் ஞாயிறு. அக்காவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். முறைப்படி அது பாண்டி என்ற பையனிடம் போனது. திருச்சுழியை ஒட்டிய ஊர்க்காரன். என் வயதுதான், ஆனால் மீசை முளைத்த மாதிரிப் பேசுவான்.

"தள்ளுலே. எங்கக்கா சைக்கிளு. நாந்தான் பாப்பேன்."

"சட்டம் என்னாச்சு?"

"சட்டத்தை உங்க ஊருல போயி வச்சுக்க."

பாளையம்பட்டி அக்கா அந்தப் பக்கம் யாருக்கோ செயின் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் டயரை நெம்பி டியூபை உருவினேன். தண்ணீர்ச் சட்டியில் முக்கியதும் ஓர் இடத்தில் முட்டை முட்டையாகக் காற்று வந்தது. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவிட்டு ஒட்டைப் போட்டேன். இன்றைக்கும் சொல்கிறேன், அழகான ஒட்டு. பாண்டியே வாயைப் பொத்திக்கொண்டான். டியூபை உள்ளே திணித்துக் காற்றடித்துவிட்டு, அக்காவின் படிப்பைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். ஆமாம், ஓட்டிக்கொண்டு. அக்கா அன்று கையை ஒடிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் கண்மாய்க்கரையில் காத்திருந்தேன். ரோடு கரைமேல் ஏறித்தான் ஊருக்குள் இறங்கும். ஊர் முகப்பில் டீக்கடை. மில்லில் முதல் ஷிப்ட் முடித்து வந்தால் படுத்துத் தூங்குகிற அப்பா, அன்று அந்த டீக்கடையில் பெரியப்பாவோடு உட்கார்ந்திருந்தார். காவல் போட்டுவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா நேரத்துக்கு வந்தாள், சைக்கிளில் உட்கார்ந்தே வந்தாள். டீக்கடையைத் தாண்டியதும் என் காதில், "பாண்டி ஊருகிட்ட பஞ்சர்டி. அவன்தான் ஒட்டிவிட்டான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை நடு ஊரில் பஞ்சர். அங்கே இருந்த இரண்டு சகோதரிகள், எங்கள் பட்டறைப் பிள்ளைகள், ஒட்டிவிட்டார்கள். புதன்கிழமை ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை மறுபடி பாண்டி ஊரில்.

காலையில் போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போதுதான் பஞ்சர். நான் துப்பறிய ஆரம்பித்தேன். யாரோ வேண்டுமென்றே முள் போடுகிறார்கள். அக்கா படிப்பை நிறுத்துவதில் யாருக்கு அக்கறை? பெரியப்பாவுக்கு. புதன்கிழமை ஏன் பஞ்சராகவில்லை? அன்று பெரியப்பா பருத்தி விதை வாங்க அருப்புக்கோட்டை போய்விட்டு டீக்கடை நேரத்துக்குத்தான் திரும்பியிருந்தார். இதற்கு மேல் சாட்சி எதற்கு? அவர் தன் வாழ்நாளில் திருச்சுழி ரோட்டில் குனிந்து முள் போட்டிருக்க முடியுமா, அவர் முட்டி அதற்கு இடம் கொடுக்குமா என்றெல்லாம் யோசிக்கிற வயதா அது?

வியாழக்கிழமை சாயங்காலமே தண்டனை கொடுத்தேன். பெரியப்பா டீக்கடையில் மொபட்டை நிறுத்திவிட்டு, அப்பாவிடம் போர்வெல் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அப்பாவுக்குப் போர்வெல்மேல் திடீரென்று அக்கறை வந்திருந்தது. எத்தனை அடியில் தண்ணீர், எந்த மூலையில் போடலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியப்பாவும் தன் புஞ்சை இருக்கும் திசையில் கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மொபட்டின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டறையில் படித்த படிப்பையெல்லாம் பயன்படுத்திக் காற்றைப் பிடுங்கிவிட்டேன்.

பெரியப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு தெரு வழியே போன காட்சியை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. பார்த்தவர்களெல்லாம் விசாரித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, வண்டியத் தள்ளிட்டு வாரீக?"

அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். ஐந்து மணிக்குக் கரைமேல் நின்று பார்க்கிறேன், அக்கா தூரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். கடைசி ஊரையும் தாண்டிய பிறகு பஞ்சர். இனி உதவிக்கு ஊர் கிடையாது, நான்தான். பம்பையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வாழ்க்கையில் அப்படி நான் ஓடியதில்லை. பாவாடை முள்ளில் மாட்டிக் கிழிந்தது, நிற்கவில்லை.

மடைச் சுவருக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்தோம். டீக்கடைக்குத் தெரியாத இடம் அது ஒன்றுதான். டியூபை உருவிய பிறகுதான் உறைத்தது, ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் இல்லை. கண்மாயில் தண்ணீர் நின்று பல மாதமாகியிருந்தது. அக்காவின் பாட்டிலும் காலி.

"என்னடி செய்ய?" என்றாள் அக்கா.

பாளையம்பட்டி அக்கா ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. டியூபில் கொஞ்சம் காற்றடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மெல்லச் சுற்றினேன். உதட்டோரத்தில் ஊசி மாதிரி காற்றுப் பட்டது. கிடைத்துவிட்டது. சொல்யூஷன் தடவி, அது காயும் வரை சும்மா இருக்க முடியாமல், டயருக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவினேன். சுருக்கென்றது. ரத்தம் வந்தது.

டயருக்குள், உள்பக்கமாக மூக்கை நீட்டிக்கொண்டு, ஒரு கருவேல முள் நுனி. வெளியே ஒடிந்து மட்டமாகியிருந்தது. போன சனிக்கிழமை ஏறிய முள். நான் டியூபை மட்டும் ஒட்டிவிட்டு அதைப் பத்திரமாக உள்ளேயே குடிவைத்திருக்கிறேன். வெயிலில் ரோடு கொதித்து டயர் இளகும்போதெல்லாம் அது குத்தியிருக்கிறது. ஒவ்வொரு தடவை ஒட்டி மாட்டும்போதும் டியூப் கொஞ்சம் நகர்ந்து உட்காரும், முள்ளுக்குப் புது இடம் கிடைக்கும். பாண்டியும் அந்தச் சகோதரிகளும் என்னைப் போலவே டியூபில்தான் கண்ணாக இருந்திருக்கிறார்கள். டயருக்குள் விரல் விட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முதல் ஞாயிறே சொல்லித்தந்த முதல் பாடம்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் முள்ளைப் பார்த்தேன். அடிக்கப்போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "பாவம்டி பெரியப்பா!" என்றாள். எனக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே முள்ளைப் பிடுங்கி எறிந்து, ஒட்டைப் போட்டு, டயரை மாட்டி, மாறி மாறிக் காற்றடித்தோம். பிறகு அக்கா ஓட்ட, நான் கேரியரில் உட்கார, கரையிலிருந்து இறக்கத்தில் பறந்தோம். டீக்கடைக்கு முன்னால் நான் எட்டி மணியை அடித்தேன். பெரியப்பா போர்வெல்லைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்பா டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அந்த சைக்கிளை வாசலில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். எண்ணெய் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பின்டயரை நெம்பி டியூபை உருவினார். டியூபை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்து, ஒவ்வோர் ஒட்டாகப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். ஐந்து ஒட்டு. என்னுடையது சதுரம், பாண்டியுடையது வட்டம், அந்தச் சகோதரிகளுடையது இரண்டும் கெட்டான். கடைசி ஒட்டில் என் ரத்தம்கூடக் காய்ந்து ஒட்டியிருந்தது. அப்பா டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிவிட்டு எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்.

அந்த நேரம் பெரியப்பா வந்தார். அப்பா எழுந்து நின்றார்.

"அஞ்சு நாளும் ஒரு தடவகூடத் தள்ளலண்ணே. நீங்களும் கூடத்தான இருந்தீக. என் கண்ணால பாத்தேன்."

பெரியப்பா சைக்கிளையும் அப்பாவையும் பார்த்தார். "பொறவு என்ன, படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போர்வெல் பேச்சை எடுத்தார். அப்பா காது கொடுத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. அக்கா ப்ளஸ் டூ முடித்தாள், அருப்புக்கோட்டையில் காலேஜ் முடித்தாள், இன்று பந்தல்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பஸ்ஸுக்காக அந்த டீக்கடையில் காத்திருந்தேன். உள்பெஞ்சில், அந்த வாரம் முழுக்க அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். கரை முழுவதும் தெரிந்தது. மடைச் சுவர் தெரிந்தது. அதன் பின்னால் நாங்கள் ஒளிந்ததாக நினைத்த இடமும் பளிச்சென்று தெரிந்தது. எதிர்ப் பெஞ்சில், பெரியப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தால் கரைக்கு முதுகு. அவருடைய புஞ்சை இன்னும் கரைக்கு எதிர்த் திசையில்தான் இருக்கிறது. டீ ஆறிப்போயிற்று. பஸ் வந்ததையும் நான் கவனிக்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பன்னிரண்டு வயது. பெரியப்பா போனதும் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, வெகுநாள் கழித்து நிம்மதியாகக் கட்டிலில் படுத்தார். நானும் அக்காவும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஐந்து ஒட்டைக் கையில் தடவிப் பார்த்தும் ஒன்றும் புரியாமல், பார்த்தேன் பார்த்தேன் என்று அண்ணனிடம் சாட்சி சொல்கிறாரே, இவ்வளவு வெள்ளந்தியாக இருந்தால் ஊர் உலகத்தில் இவர் எப்படிப் பிழைக்கப்போகிறார் என்று எனக்கு அப்பாமேல் ரொம்ப இரக்கமாக இருந்தது.