என் அளவில் தைத்த சட்டைகள்

என் உடம்பைப் பார்த்து "இதுதான் சரியான அளவு" என்று உலகத்தில் ஒரே ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னதில்லை. மனைவி சொன்னதில்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் ஆபீஸ் கேபில் ஏறும்போதெல்லாம் டிரைவர், "சார், நீங்க முன்னாடி உக்காந்துருங்க, பின்னாடி மூணு பேர் உக்காரணும்" என்று கும்பிடாத குறையாகச் சொல்வார். ஆகவே அந்த ஒருவரைப் பற்றி எழுதிவைப்பது என் கடமை.

அவர் பெயர் சின்னம்மா. எல்லோருக்கும் சின்னம்மக்கா. ஆனேக்கல் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, ராகிக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் வரும் ஒரு சிற்றூரில் என் அத்தையும் மாமாவும் ஊழியம் செய்துகொண்டிருந்தார்கள். ஊழியம் என்றதும் பெரிய கட்டிடம், ஒலிபெருக்கி என்று நினைத்துவிடக் கூடாது. ஓடு வேய்ந்த ஒரு ஜெப வீடு. அதை ஒட்டி, தகப்பன் இல்லாத பையன்களும் தாய் தகப்பன் இருவருமே இல்லாத பையன்களும் தங்கிப் படிக்கும் விடுதி. எதிரே தகரக் கூரை போட்ட தையல் அறை. அதில் புருஷனை இழந்த பெண்கள் உட்கார்ந்து தைத்தார்கள். சின்னம்மக்கா அவர்களில் ஒருவர். மாமா ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார். மற்ற நாட்களில் விடுதிக்கு விறகு, ராகி, மண்ணெண்ணெய் என்று சைக்கிளில் அலைவார்.

ஐந்தாம் வகுப்பு தசரா லீவுக்கு நான் அங்கே அனுப்பப்பட்டேன். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு சிறியது, நான் பெரியவன். வயதில் அல்ல. முட்டை இல்லாமல் பிள்ளை துவண்டுவிடுவான் என்று அம்மா என்னோடு ஒரு அட்டை நிறைய முட்டையும் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகிறவர்போல் வந்தார்.

விடுதியில் ஒரு பையன்கூட இல்லை. லீவு என்றால் அவர்கள் மாமன் வீட்டுக்கோ சித்தப்பன் வீட்டுக்கோ போய்விடுவார்கள். போய் விளையாடுவதற்கல்ல, தக்காளி பறிக்க. சின்னம்மக்காவின் ஒரே மகன் சாமுவும் அந்த விடுதிப் பையன்தான். அக்காவின் கூலி வேலையில் ஒரு வயிறே அரைவயிறாகத்தான் நிரம்பும் என்பதால் அத்தை அவனைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த லீவுக்கு அவனும் ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்துக்குப் போயிருந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெங்களூர் சபையின் மாதர் சங்கத்திலிருந்து ஒரு பெரிய கட்டுத் துணி வந்து இறங்கியது. மஞ்சள் நிறத்தில் பச்சைக் கட்டம். விடுதிப் பையன்களுக்குக் கிறிஸ்மஸ் சட்டை தைக்க வேண்டும். தையல் மெஷின்கள் சங்கத்துடையவை. அதுவரை பாவாடையும் தலையணை உறையும் தவிர அந்தப் பெண்கள் எதையும் தைத்ததில்லை. சட்டை நன்றாக வந்தால் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் எல்லோருக்கும் வருஷா வருஷம் இவர்களே தைக்கலாம், வராவிட்டால் மெஷின்களை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று சங்கத் தலைவியம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

"சட்டைன்னா அளவு வேணுமே, பசங்க ஒருத்தனும் இல்லையே" என்றார் அத்தை.

நான் வாசற்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். தையல் அறை முழுவதும் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

சின்னம்மக்காவுக்கு டேப்பில் உள்ள நம்பரெல்லாம் ஒத்துவராது. ஒரு சணல் நூல்தான். கழுத்துக்கு ஒரு முடிச்சு, தோளுக்கு ஒரு முடிச்சு, வயிற்றுக்கு ஒரு முடிச்சு.

"இங்க வாடா ராஜா. ஸ்வல்ப நேரா நில்லு."

நின்றேன். நூல் வயிற்றைச் சுற்றி வரும்போது மானத்தைக் காப்பாற்ற மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"எதுக்குடா புடிச்சு வச்சிருக்க? வுடு. நல்லா வுடு."

விட்டேன். நூல் பத்தவில்லை. இன்னொரு துண்டை எடுத்து முடிச்சுப் போட்டு நீட்டினார். மற்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"காலைல இன்னா துன்னே?"

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பாடம் அதுதான். "இட்லி. அப்புறம் முட்டை. அப்புறம் இன்னொரு முட்டை. அத்தை பால் குடுத்தாங்க. அப்புறம் இந்தக் கடலை."

"உங்க வூட்லயும் டெய்லி முட்டையா?"

"டெய்லி."

"பாலு?"

"அது ரெண்டு வேளை."

மாமாவின் பிரசங்கத்தைக்கூட அக்கா அவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. "எங்க சாமுக்கும் உன் வயசுதான்" என்று சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் என் தோள்மேல் வைத்துச் சிறிது நேரம் அப்படியே நின்றார். தோளின் அகலம் பார்க்கிறார் என்று நினைத்து விறைப்பாக நின்றேன்.

மறுநாளும் கூப்பிட்டார். முடிச்சு அவிழ்ந்துவிட்டதாம். அதற்கு மறுநாளும் அவிழ்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி காலையில் என்ன தின்றாய் என்பதுதான். என் சாப்பாட்டின்மேல் ஒருவருக்கு இவ்வளவு மரியாதை இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருநாள் தின்னாத வடை ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்.

கடைசியில் பழைய கன்னட நியூஸ்பேப்பர்களை ஒட்டி என் உருவத்தை வெட்டி, சுவரில் வேத வசன அட்டைக்குக் கீழே ஆணியில் மாட்டினார். காற்றடித்தால் என் வயிறு அசையும். அத்தை உள்ளே வந்தவர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"சின்னம்மா, இவன் அளவுக்கா வெட்டுற? இதுக்குள்ள ரெண்டு பசங்க குடித்தனம் பண்ணலாமே!"

"நான் பாத்துக்கறேன்மா" என்றார் அக்கா. அத்தை, ஆளாளுக்குக் குறைத்து வெட்டிக்கொள்வார் என்று நம்பிப் போய்விட்டார். அக்கா நீளத்தை மட்டும் பேருக்குக் கொஞ்சம் குறைத்தார். அகலம் எல்லாவற்றுக்கும் என்னுடையது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டில் கிறிஸ்மஸ் மர விழா. மாதர் சங்கம் வேனில் வந்தது. அதே வேனில் நானும், அளவு கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு வந்து சேர்ந்திருந்த மஞ்சள் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். முன் வரிசையில் தலைவியம்மா பட்டுப்புடவையில், அகலமான கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பையன்கள் பாட வந்தார்கள்.

முதலில் சட்டைகள் வந்தன. பிறகுதான் உள்ளே பையன்கள் இருப்பது தெரிந்தது. கைகளை விரித்துப் பாடும் பாட்டு. ஒரு கைகூட வெளியே தெரியவில்லை, சட்டைக் கைகள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. முழங்காலில் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டிப் பையன் தன் சட்டையையே மிதித்துக் குப்புற விழுந்து, அங்கிருந்தபடியே பாட்டைத் தொடர்ந்தான்.

சபை சிரித்தது. சிரித்துவிட்டு என்னைப் பார்த்தது. அநாதைப் பிள்ளைகளுக்கென்று தைத்த சட்டைகளில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது அப்பா, அம்மா, அத்தை, மாமா எல்லோரும் இருக்கிற ஒருத்தனுக்குத்தான்.

தலைவியம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்தார். "யாரு இதுக்கு அளவெடுத்தது?"

பாட்டு நின்றது. அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் நின்ற தையல்காரப் பெண்கள் எதிரே தங்கள் மெஷின்கள் இருந்த தகரக் கூரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். சின்னம்மக்கா முன்னால் வந்தார்.

"நான்தாம்மா."

"இவ்வளவு துணிய வீணாக்கி வச்சிருக்கீங்களே. அளவு தப்புன்னு பாத்தாலே தெரியலையா?"

"தப்பில்லம்மா." அக்கா நேராக என்னைக் காட்டினார். "அதோ, அதுதான் சரியான அளவு. ரெண்டு முட்டை, ரெண்டு வேளை பாலு. சட்டை சரியாத்தான் இருக்கு. நம்ம பசங்கதான் கொறையா இருக்குதுங்க."

மறுபடியும் சிரிப்பு எழுந்தது. என் சிரிப்புதான் எல்லாவற்றிலும் சத்தமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள், நான் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் சிரித்துக்கொண்டே போய் நின்றேன்.

தலைவியம்மா, பாட வந்தவர்களில் முன்னால் நின்ற சாமுவிடம் போனார். அவன் முதுகுப் பக்கம் சட்டையைப் பிடித்தார். கை நிறையத் துணி வந்தது. விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"இவங்களுக்கு முட்டை எப்போ குடுப்பீங்க?" என்று அத்தையிடம் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் குடுப்போம்மா" என்றார் அத்தை, தரையைப் பார்த்து.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. கேக் வெட்டினார்கள். வேன் திரும்பும்போது மெஷின்கள் ஏற்றப்படவில்லை. சண்டே ஸ்கூல் சட்டைகளும் அந்தத் தகரக் கூரைக்கே வந்தன, ஆனால் அளவை மட்டும் இனிமேல் சங்கமே எழுதி அனுப்பும் என்று ஒரு நிபந்தனையோடு. துணி கொண்டுபோகும் வேனில் வாராவாரம் முட்டை அட்டைகளும் பால்பவுடரும் போயின. ஒருநாள் அந்த அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நானும் போனேன். அத்தை கேக் வியாபாரம் ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது, நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வழி நெடுக வருத்தமாக இருந்தது.

அடுத்த தசரா லீவுக்குப் போனபோது என் மஞ்சள் பச்சைச் சட்டையில் பொத்தான் போட முடியவில்லை. அக்காவுக்குத் தையலில் ஒழுங்காகக் கூலி வந்ததால் அந்த வருஷம் சாமு தோட்டத்துக்குப் போகவில்லை. தன் கிறிஸ்மஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு விடுதி வாசலில் கில்லி ஆடிக்கொண்டிருந்தான்.

நான் அக்காவிடம் நேராக முறையிட்டேன். "அக்கா, என் சட்ட பத்தல. வேற அளவெடுங்க."

"இருடா ராஜா, வரேன்" என்றவர், என்னை விட்டுவிட்டுச் சாமுவைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வாடா. திரும்பு." அவன் முதுகில் சட்டையைப் பிடித்தார். பிடிக்க முடியவில்லை. விரல் நுனிக்குக்கூடத் துணி சிக்கவில்லை. முன்பக்கம் திருப்பி, பொத்தானெல்லாம் போட்டிருந்ததை மறுபடியும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"வுடும்மா, ஆட்டம் போவுது" என்று அவன் பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டான்.

அக்கா போய் மெஷினில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதிக்கத் தொடங்கினார். வேகமாக மிதித்தார். எட்டிப் பார்த்தேன். ஊசிக்கு அடியில் துணியே இல்லை.

பாவம், அக்காவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஓடிப்போய் வெட்டுத் துணிக் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து நீட்டினேன். அக்கா அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அய்யோ அக்கா, தொடைக்கறதுக்கில்ல, தைக்கறதுக்கு" என்று பொறுமையாக விளக்கினேன்.