காலிச் சாக்கும் மிளகு மூட்டையும்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊர் ஊராகக் கிடைத்த வேலை செய்து திரிந்தவன் நான். மட்டாஞ்சேரியில் ஓர் அனிமேஷன் கூடத்தில் வேலை கேட்டபோது, நிஜ அசைவு ஒன்றைப் படம்பிடித்து, அதில் அனிமேஷனின் அடிப்படை விதிகளைக் காட்டச் சொன்னார்கள்.

கொச்சங்காடி கிடங்கில் சுமை தூக்கும் என் அக்கா கணவரைப் போனில் படம் எடுத்தேன். வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மூட்டை தலையில் ஏறியும் அவர் முழங்கால் மடங்கவே இல்லை.

"மச்சான், மூட்டைக்குள்ள என்ன?"

"காலிச் சாக்குடா. படத்துல முகம் கோணக் கூடாதுல்ல?"

"நாளைக்கு மிளகு மூட்டை தூக்குங்க. கோணினாப் பரவாயில்ல."

"எடா, ஒங்க அக்கா பாத்துச் சிரிச்சா எனக்குச் சாயா நீதான் வாங்கித் தரணும்."

மறுநாள் படத்தில் அவர்கள் கேட்ட விதிகள் எல்லாம் இருந்தன. எழுவதற்கு முன் அவர் உடல் தாழ்ந்தது. தலையில் விழுந்த மூட்டை நசுங்கிப் பக்கவாட்டில் விரிந்தது. அவர் நின்ற பிறகும் தோள்துண்டின் நுனி ஆடியது.

இரண்டு படங்களையும் கூடத்தில் அடுத்தடுத்து ஓட்டி, கனம் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று சொன்னேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

"என்னோட இந்தக் கோணமூஞ்சியப் பாத்தா ஒனக்கு வேலை குடுத்தாங்க?" என்ற மச்சான், கிடங்கு முழுக்க அந்தப் படத்தைக் காட்டினார். நானும் கூடவே போய், எங்கே பார்க்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.