முட்டை போடாத முதல் ஈடு

இன்று காலை கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலுக்கு மாவு பிசையும்போது, தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் கலந்த அந்த வாசனையில், தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் சமையலறை, இடித்துத் தள்ளி எத்தனையோ வருஷம் ஆன பிறகும், அப்படியே வந்து நின்றது.

கிறிஸ்துமஸ் மார்கழியில்தானே வருகிறது. பக்கத்து வீட்டு சரோஜா ஆன்ட்டியின் புருஷன் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்; முட்டை பட்ட பாத்திரம்கூட அவருக்கு ஆகாது. அதனால் அம்மா முட்டை போடாத மாவைத்தான் முதலில் பிசைந்து புது எண்ணெயில் பொரிப்பாள்; அது முடிகிறவரை கறி வாங்கிவந்த அப்பாகூடப் பையோடு வாசலிலேயே நிற்க வேண்டும். நாங்கள் புதுச் சீப்பின் பல்லில் மாவை அழுத்திச் சிப்பி மாதிரி சுருட்டிச் சுருட்டிப் போட, எண்ணெய் சலசலக்கும் சத்தத்துக்கு மேலே மதிலைத் தாண்டி ஆன்ட்டியின் குரல் வரும்.

"முட்டை போட்டுட்டியா எஸ்தர்?"

"இல்லக்கா, உங்களுதுதான் மொத ஈடு" என்பாள் அம்மா.

குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அவர்கள் எந்தப் பக்கம் போனார்களோ, தெரியாது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பீர்க்கன்கரணையில் இந்த ஃப்ளாட்டுக்கு வந்ததிலிருந்து எதிர்வீட்டுக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை.

"இது யாருக்கும்மா?" என்று என் மகள் மேடையில் மூடியிருந்த தட்டைக் காட்டிக் கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன். முதல் ஈட்டை முட்டை போடாமல் பொரித்து, தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

"யாருக்கும் இல்ல, நீ சாப்பிடு" என்றேன். அடுத்த மாவில் முட்டையை உடைத்து ஊற்றினேன்.