மூன்றாவது பந்தம்

இதில் ஒரு சொல்கூட நான் கட்டிவிட்டதல்ல. 1938, தை மாதம், ஒரு புதன்கிழமை விடியற்காலை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சாயப்பட்டறை. அங்கே பாய்லருக்குத் தீ வைப்பவன் நான், சரவணமுத்து. ஏழு மணிக்குச் சாயத் தொட்டி கொதிக்க வேண்டுமானால் ஐந்துக்கே பர்னரைப் பற்றவைத்தாக வேண்டும்.

பழைய பர்னர் சாது. சூடான இரும்புச் சட்டியில் எண்ணெய் சொட்டும், ஆவியாகும், எரியும். அவ்வளவுதான். பத்து நாளுக்கு முன் வந்த புது பர்னர் அப்படியில்லை. கைப்பம்பை அடித்தால் ஊசித் துவாரம் வழியாக எண்ணெய் பனிபோலச் சீறும். முதலில் தீப்பந்தத்தை உள்ளே காட்ட வேண்டும், பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். தீயில்லாமல் எண்ணெய் உள்ளே சேர்ந்துவிட்டால், அப்புறம் வைக்கிற தீ பாய்லரையே பிளந்துவிடும்.

அந்தப் புது பர்னரால்தான் எனக்கு லீவு கிடைக்கவில்லை. என் மனைவி கமலவேணி தலைப்பிரசவத்துக்கு நாமகிரிப்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். போய் இரண்டு மாதம். "ஒருக்கா வந்து மொகத்தக் காட்டீட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். "ஞாயித்துக்கெழம வாரேன்" என்று நானும் சொல்லி அனுப்பினேன்.

ஐந்து மணி. கூட வேலை செய்யும் வேலுசாமி பம்பை அடித்தான். பந்தத்தைக் கொளுத்தி அடுப்பு வாய்க்குக் கொண்டுபோனேன்.

அணைந்தது.

மறுபடி கொளுத்தினேன். நன்றாகப் பிடித்து எரிந்தது. அடுப்பு வாய்க்கு ஒரு முழம் இருக்கும்போது... உஃப்... யாரோ வாயால் ஊதியதுபோல.

"காத்தே இல்லீங்களேண்ணா" என்றான் வேலுசாமி.

மூன்றாவது பந்தம். மணி ஐந்து பத்து.

"ஏனுங்க..."

கை நின்றது.

"வெக்காதீங்க... உள்ள நெறைஞ்சு கெடக்குது..."

கமலவேணி.

குரல் அடுப்புக்கு உள்ளேயிருந்து வந்தது...

பந்தத்தைத் தண்ணீர்த் தொட்டியில் எறிந்தேன். வேலுசாமிக்கு எதுவுமே கேட்கவில்லையாம்.

விடிந்ததும் உள்ளே குனிந்து பார்த்தோம். ராத்திரி முழுக்க வால்வு கசிந்திருக்கிறது. சூடு ஆறாத செங்கல் மேல் நாலு விரற்கடை எண்ணெய். அடுப்பு முழுக்க எண்ணெய் ஆவி. தீ போயிருந்தால் எங்கள் இருவரையும் பொறுக்கித்தான் எடுத்திருக்க வேண்டும்.

பத்து மணிக்கு மைத்துனன் நாச்சிமுத்து வந்தான். என்னைப் பார்த்ததுமே வாசலில் உட்கார்ந்து அழுதான்.

பெண் குழந்தை. பிழைத்துவிட்டது. கமலவேணிதான் இல்லை.

நாமகிரிப்பேட்டைக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்தேன். காட்டச் சொன்ன முகத்தைக் காட்டினேன். கண் திறக்கவில்லை.

மருத்துவச்சி அங்கம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"வெக்காதீங்கன்னு எதுக்குச் சாமி கத்துனா?"

அந்தப் புது பர்னரைக் கமலவேணி பார்த்ததேயில்லை.

"முக்கு கண்ணு, முக்குன்னு நான் கெஞ்சறேன். அவ மூச்ச இழுத்து இழுத்து எதையோ ஊதறா. ரெண்டு தரம். அப்பறம் அந்தக் கத்து. அதோட அடங்கீட்டா. கொழந்தய நாந்தான் இழுத்தெடுத்தேன்."

அங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த மூச்ச முக்கறதுக்கு வெச்சிருந்தான்னா... பொழச்சிருப்பா சாமி."