பச்சை டிக்

விடையை மாற்றியவள் நான்தான்.

சரியாக இருந்த விடையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் தவறான விடையை எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன். அதற்கான தண்டனையை மஞ்சுளா என்ற பெண் அனுபவித்தாள்... இன்றுவரை அவளுக்கு அது தெரியாது!

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் என்னை அறியாதவர், அதனால்தான். அறிந்தவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. ஆகவே தயவுசெய்து இதைத் துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். திறந்த மூல மென்பொருள் என்று ஒன்று உண்டு. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தி அனுப்பலாம். மரபணு ஆராய்ச்சிக்கென்று அப்படி நிறைய மென்பொருள்கள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வழிகாட்டியின் கீழ் சில மாதங்கள் அதில் வேலை செய்ய வைப்பார்கள். உதவித்தொகை உண்டு, சான்றிதழ் உண்டு, வீட்டிலிருந்தே செய்யலாம். எனக்கு இடம் கிடைத்தபோது அம்மா எங்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

"எங்க உமா ரூம்லயே உக்காந்துக்குனு ஃபாரின் வேலை பாக்குறா!"

பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

எங்கள் மென்பொருள் செய்வது இதுதான். ஒரு செடியின் மரபணுச் சரத்தைக் கொடுத்தால், எந்த இடத்தில் மாற்றம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். அந்தச் சரத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டியிருக்கும். பஸ்ஸில் ஓர் இருக்கையை முன்னாலிருந்தும் எண்ணலாம், பின்னாலிருந்தும் எண்ணலாம் அல்லவா, அதைப்போல. பின்னாலிருந்து எண்ணும்போது என் நிரல் ஓர் இடம் தள்ளிக் காட்டியது. ஒரே ஓர் இடம்!

அந்தத் தவறு வெளியே தெரியாமல் போயிருக்காது. ஏனென்றால் ஒவ்வொரு நிரலுக்கும் சோதனை உண்டு. கேள்வியும் சரியான விடையும் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். நம் நிரல் அதே விடையைத் தந்தால் திரையில் பச்சை டிக் விழும். தராவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி. சிவப்பு இருக்கும்வரை நிரலைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்த விடையை எங்கள் வழிகாட்டி, வேறொரு நாட்டில் இருக்கும் ஆராய்ச்சியாளர், தானே உட்கார்ந்து கையால் கணக்கிட்டு எழுதி வைத்திருந்தார்.

வேலையை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள் பௌர்ணமியாக வாய்த்தது. பௌர்ணமியன்று எங்கள் ஊரில் போன் வைத்திருப்பதும் செங்கல் வைத்திருப்பதும் ஒன்று. கிரிவலக் கூட்டம் மதியமே சேர ஆரம்பித்துவிடும். இணையம் நகராது. எனக்கோ சிவப்பு போகவே இல்லை. காலையிலிருந்து நிரலை மாற்றி மாற்றிப் பார்த்தேன்... சிவப்பு. மறுபடியும் சிவப்பு. அம்மா கொண்டுவந்த சோறு ஆறிப்போனது.

பிறகு சோதனைக் கோப்பைத் திறந்தேன். வழிகாட்டியின் விடையை அழித்தேன். என் நிரல் சொன்ன எண்ணை அங்கே எழுதினேன்.

பச்சை!

"பழைய விடையில் இருந்த பிழை திருத்தப்பட்டது" என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். பிழை அவருடையதாம்! அவரிடம் கேட்டிருக்கலாமே, அவகாசம் கோரியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இணையம் கிடைக்கவில்லை என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாற்றிய கோப்பை அனுப்புவதற்கு மட்டும் கிடைத்ததே... அது எப்படி?

அவர் என்னை நம்பினார். பல கோப்புகளுக்கு நடுவே அது ஒரு சின்ன மாற்றம். நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டார். நான் தேறினேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லவே மாட்டேன். என் மனசாட்சி அவ்வளவு நுட்பமானது அல்ல.

அடுத்த கோடையில் என்னைத் துணை வழிகாட்டி ஆக்கினார்கள். என் கல்லூரியிலேயே எனக்கு இரண்டு வருடம் இளையவளான மஞ்சுளாவை நான்தான் விண்ணப்பிக்கச் சொன்னேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். அவர்கள் நிலத்தில் மல்லாட்டை போடுவார்கள். சில ஊர்களில் அதை நிலக்கடலை என்பார்கள். "எங்க மல்லாட்டைல வருசா வருசம் இலையில புள்ளி விழுதுக்கா. பக்கத்துக் கொல்லையில கம்மியாதான் விழுது. அது ஏன்னு கண்டுபுடிக்கற படிப்பு இருக்குன்னா நான் அதத்தான் படிப்பேன்" என்றாள். அவளுடைய அப்பா அந்த ஒரு விடுமுறையைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார். இதில் தேறினால் மேற்படிப்புக்கு அனுப்புவார். இல்லாவிட்டால் ஏதாவது வேலைக்குப் போக வேண்டும். இதையும் அவள் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். எல்லாம் தெரிந்துதான் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவளுக்குக் கொடுத்த வேலை, நான் எழுதிய அதே பகுதியை வேகமாக ஓடும்படி புதிதாக எழுதுவது.

அவள் வீட்டில் இணையம் சரியில்லை. ஆகவே ரமணாசிரமம் பக்கம் ஒரு காபிக் கடையில் சந்திப்போம். வெள்ளைக்காரர்கள் இஞ்சி டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் கடை. யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் அவள் மூச்சிரைக்க வந்து மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, என்னுது பின்னாடி இருந்து எண்ணும்போது மட்டும் சிவப்பு வருது. கையால போட்டுப் பாத்தேன்கா. என் கோடிங் சரியாதான் சொல்லுது. டெஸ்ட்ல இருக்குற விடையே தப்புனு தோணுது."

டீயை எடுத்தேன், குடிக்காமல் வைத்தேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை... "ஆமாம் மஞ்சு, அது என் தப்பு" என்று! அரை நிமிட வேலை. அவள் கோபித்துக்கொள்ளக்கூட மாட்டாள். வழிகாட்டி முகம் சுளிப்பார், என் துணை வழிகாட்டிப் பதவி போகலாம், என் சான்றிதழைப் பற்றிக் கேள்வி வரலாம். அவ்வளவுதானே? அந்த அவ்வளவுதான் எனக்கு அன்று மலையளவு தெரிந்தது.

"டெஸ்ட் எப்படி தப்பா இருக்கும்? அது அவரே கையால போட்டு வச்ச விடை. ஒரு வருசமா ஓடுது, யாரும் ஒண்ணும் சொல்லல. உன் கோடிங்கை மறுபடி பாரு."

"பாத்துட்டேன்கா..."

"எண்றதுல எங்கியோ தப்பு பண்ற. நல்லா பாரு."

அவள் முகம் சுருங்கியது. "பொதுவுல கேட்டுப் பாக்கட்டுமாக்கா?" என்றாள்.

எங்கள் உலகில் அதுதான் முறை. சந்தேகம் வந்தால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் கேட்க வேண்டும். யாராவது பதில் சொல்வார்கள். அவள் கேட்டிருந்தால் அன்றைக்கே எவனாவது வரலாற்றைப் புரட்டி என் பெயரைக் கண்டுபிடித்திருப்பான். யார் எந்த எழுத்தை எப்போது மாற்றினார்கள் என்பது எல்லாமே அங்கே திறந்து கிடக்கிறது!

"வேணாம்" என்றேன். "ஃபர்ஸ்ட் டைம் செய்யற. எண்ணத் தெரியலன்னு நெனச்சிப்பாங்க. அசிங்கமாயிடும். எதுவா இருந்தாலும் எனக்கு அனுப்பு."

அவள் நம்பினாள். அக்கா அல்லவா நான்!

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு... இல்லாத தவறைத் தேடினாள். எழுதியதை அழித்து மறுபடி எழுதினாள். முறையை மாற்றினாள். எப்படி மாற்றினாலும் சரியான விடைதான் வந்தது, எப்படி மாற்றினாலும் சிவப்புதான் விழுந்தது. விடைக்கு ஏற்றாற்போல் நிரலைக் கோணலாக்கிவிட அவளுக்குத் தோன்றவே இல்லை. விடையை மாற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது அவளுக்கு ஏன் தோன்றவில்லை? இந்தக் கேள்வியை நான் முழுசாகக் கேட்டுக்கொள்வதில்லை.

இடைக்கால மதிப்பீட்டுக்கு வழிகாட்டி வீடியோவில் வந்தார். அதே கடையில் நானும் மஞ்சுளாவும் ஒரே திரையின் முன் உட்கார்ந்திருந்தோம். ஏன் இவ்வளவு தாமதம் என்று அவர் பொறுமையாகவே கேட்டார். மஞ்சுளா தன் தடுமாறும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். பின்னாலிருந்து எண்ணும் அந்தச் சோதனையில் தனக்கு ஒரு சந்தேகம்...

மேசைக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அழுத்தமாகக்கூட இல்லை. சும்மா, வேண்டாம் என்பதாக. அவள் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். என்ன சந்தேகம் என்று அவர் கேட்டார்.

ஒன்றுமில்லை, என்னுடைய தவறுதான், சரிசெய்துவிடுகிறேன் என்றாள்.

அன்று மாலை அவர் எனக்குத் தனியாக எழுதிக் கேட்டார். நீ அவளை அருகிலிருந்து பார்க்கிறாய், உன் கருத்து என்ன? நான் பதில் எழுதினேன். உழைப்பாளி, ஆனால் அடிப்படையான எண்ணிக்கையிலேயே தடுமாறுகிறாள்.

எழுதினேன். என் கையால். அவள் தேறவில்லை.

போனில் சொன்னபோது அவள் அழவில்லை. "சரிக்கா. நீங்க எவ்ளோ டைம் குடுத்தீங்க எனக்கு. நான்தான் வேஸ்ட் பண்ணிட்டேன்" என்றாள். நான் அழுதேன். அதையும் அவள் தனக்காக என்று எடுத்துக்கொண்டாள்.

இன்னும் இருக்கிறது. இதுவரை கேட்டதே போதும் என்று தோன்றினால் எழுந்து போய்விடுங்கள்.

சில மாதம் கழித்து ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் பொதுவில் எழுதினார். பின்னாலிருந்து எண்ணும்போது இடம் தள்ளி வருகிறதே என்று. வேறு யாரும் நுழைவதற்குமுன் நான் பாய்ந்தேன். மஞ்சுளா எனக்கு மட்டும் அனுப்பி வைத்திருந்த நிரலைத் திறந்தேன். அதிலிருந்த அவளுடைய வரிகளை எடுத்து, என் பெயரில் சேர்த்தேன். வழிகாட்டியின் பழைய விடையைத் திரும்ப வைத்தேன்.

பச்சை டிக் விழுந்தது. இந்த முறை உண்மையான பச்சை.

எவ்வளவு கூர்மையான கண் உனக்கு என்று வழிகாட்டி எழுதினார். வரலாற்றை யாரும் புரட்டவில்லை. ஏன் புரட்டப் போகிறார்கள்? பிழைதான் சரியாகிவிட்டதே! அந்தத் திருத்தத்தைக் காட்டித்தான் நேர்காணலில் பேசினேன். இப்போது பார்க்கும் வேலை அப்படி வந்தது.

எத்தனையோ தடவை வழிகாட்டிக்கு உண்மையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேலை போய்விடும், வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்று காரணம் சொல்லி மூடிவிடுவேன். காரணம் உண்மைதான். ஆனால் வேலை இல்லாதபோதும் நான் எழுதவில்லையே...

போன மாதம் தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் பார்த்துவிட்டாள்.

"உமாக்கா! இன்னாக்கா இந்தப் பக்கம்? உக்காருங்க!"

அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். தம்பியின் ஆதார் எண்ணை வாங்கித் தட்டினாள். ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும். பின்னால் நின்ற பெரியவர் பொறுமையிழந்து செருமினார்.

"ஒரு வாட்டி பாத்தா போதாதா மஞ்சு?"

"எனக்குத்தான் எண்ண வராதேக்கா" என்று சிரித்தாள். "நீங்க அன்னிக்கு சொன்னதுல இருந்து எதையும் மூணு வாட்டி பாக்காம உடறதில்ல. ஜாஸ்தி டைம் ஆவுதுனு இங்க திட்டுறாங்க. ஆனா பயமாருக்கு."

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது!

அதற்குள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சிக்குனு இருந்தேன்கா. என்னால உங்களுக்கும் அவர்கிட்ட கெட்ட பேரு வந்திருக்கும்ல... ஸாரிக்கா."

"பரவால்ல, விடு" என்றேன்.

ஆம்... அவளை நான் மன்னித்துவிட்டேன்.

"தேங்க்ஸ்கா" என்றாள்.